பெரிய ஃபைபர் பெட்டிக்குப் பதில் சிறியது வைக்கலாமா? மேற்கு குமரி உறுப்பினர்களின் கேள்விகளும் பதில்களும்

குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை, அருமனை பகுதிகளில் ஃபைபர் இணைய இணைப்பு வைத்திருக்கும் உறுப்பினர்கள், சுவரில் தொங்கும் பெரிய மோடத்தை எடுத்துவிட்டுச் சிறியது ஒன்றை வைப்பது குறித்துக் கேள்விகள் அனுப்பியிருந்தனர். ஃபைபர் இணைப்புப் பணியில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் அவற்றுக்கு எழுதிய பதில்கள் இவை.

கேள்வி (மார்த்தாண்டம், துணிக்கடை நடத்துபவர்): ஐயா, கல்லாப் பெட்டிக்கு மேலே நான்கு ஆன்டெனாவுடன் ஒரு பெரிய பெட்டி தொங்குகிறது. அதே வேலையைச் செய்யும் சிறிய பெட்டி கிடைக்குமா?

பதில்: அந்தப் பெட்டி ஒரு வேலையை மட்டும் செய்யவில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஃபைபரில் வரும் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் வேலை ஒன்று. அதைச் செய்யும் பகுதியைத்தான் ஓ.என்.டி. அல்லது ஓ.என்.யூ. என்கிறோம். இணைப்பைப் பல கருவிகளுக்குப் பகிரும் ரவுட்டர் வேலை இரண்டாவது. வைஃபை மூன்றாவது. சில பெட்டிகளில் தொலைபேசிக்கும் கேபிள் டிவிக்கும் தனித் துளைகள் உண்டு. பெட்டியைப் பெரிதாக்குவது ஒளியை மாற்றும் பகுதி அன்று. மற்ற வேலைகளும் அவற்றுக்கான ஆன்டெனாக்களுமே. ஒளியை மாற்றும் வேலை மட்டும் கொண்ட, ஒரே ஒரு லேன் துளை (இணையக் கேபிள் சொருகும் துளை) உடைய ஓ.என்.டி. உள்ளங்கைக்குள் அடங்கும்.

ஆகவே என் பரிந்துரை, ஒளியை மாற்றும் பகுதியையும் வைஃபை ரவுட்டரையும் பிரித்துவிடுவது. கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் சிறிய ஓ.என்.டி.யைப் பொருத்தி, அங்கிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்து, ஆட்கள் உண்மையில் இணையத்தைப் பயன்படுத்தும் இடத்தில் வைஃபை ரவுட்டரை வையுங்கள். வைஃபையும் உள்ளடங்கிய சிறிய பெட்டி கேட்டால் கடையில் கொடுப்பார்கள். ஆனால் அவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்குபவை என்பதால், உங்கள் கடையைப் போல நெருக்கமான தெருவில் அக்கம்பக்கத்து வைஃபைகளுடன் மோதி வேகம் சரிந்துவிடும். வாங்கும்போது லேன் துளை 100 எம்.பி.பி.எஸ். வகையா, கிகாபிட் (1000 எம்.பி.பி.எஸ்.) வகையா என்றும் பாருங்கள். 200 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு 100 எம்.பி.பி.எஸ். துளை உள்ள பெட்டியை மாட்டியவர்கள் நம் பகுதியில் நிறைய இருக்கிறார்கள்.

கேள்வி (குழித்துறை, பொறியியல் மாணவர்): சார், என்னிடம் எஸ்.எஃப்.பி. எனும் சிறிய ஃபைபர் செருகியைப் பொருத்தும் துளை உள்ள ரவுட்டர் இருக்கிறது. விரல் அளவிலான ஓ.என்.யூ. ஸ்டிக்கை அதில் நேராகச் சொருகினால் ஓ.என்.டி. பெட்டியே வேண்டாம் அல்லவா?

பதில்: முடியும். பெட்டியும், அதற்கான அடாப்டரும், இடையிலுள்ள லேன் கேபிளும் ஒரே வீச்சில் போய்விடும் என்பதால் இந்த யோசனை கவர்ச்சியானதுதான். ஆனால் அந்தச் சிறிய உலோக உறைக்குள் ஒரு முழு ஓ.என்.டி.யின் செயலியும் மென்பொருளும் இயங்குகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. சாதாரண எஸ்.எஃப்.பி.க்கு என்று 1 வாட் அளவை ஒட்டி வடிவமைக்கப்பட்ட துளைகளில் இது கூடுதலாக மின்சாரம் இழுத்து, தொட முடியாத அளவுக்குச் சூடாகும். விசிறி இல்லாத ரவுட்டரில், அதுவும் சித்திரை வெயிலில், மதியத்துக்கு மேல் இணைப்பு அறுந்து அறுந்து வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகிறது.

அடுத்தது அங்கீகாரம். நம் வீடுகளுக்கு வரும் இணைப்புகள் பெரும்பாலும், ஒரே ஃபைபரைப் பல வீடுகள் பகிரும் முறைகளான ஜிபான் அல்லது இபான் வகையைச் சேர்ந்தவை. ஜிபானில் இணைய நிறுவனத்தின் மையக் கருவியான ஓ.எல்.டி., உங்கள் ஓ.என்.டி.யின் வரிசை எண்ணைப் பார்த்துத்தான் உள்ளே விடும். நான்கு எழுத்து உற்பத்தியாளர் குறியீடும் எட்டு இலக்கப் பதினாறடிமான எண்ணும் சேர்ந்தது அந்த வரிசை எண். சில நிறுவனங்கள் இதனுடன் ஒரு கடவுச்சொல்லையும் கேட்கும். இபானில் கருவிக்கே உரிய எண்ணான மேக் முகவரியோ தனிக் குறியீடோ அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். புதிய ஸ்டிக்கின் எண்ணை நிறுவனத்திடம் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்வதே நேரான வழி. பழைய பெட்டியின் எண்ணை ஸ்டிக்கில் எழுதிவிடும் குறுக்கு வழியை இணையத்தில் பலர் விவரிக்கிறார்கள். நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அதைச் செய்வது ஒப்பந்தத்தை மீறுவதாகும் என்பதோடு, பழைய பெட்டியை யாராவது தவறுதலாக மீண்டும் மாட்டினால் ஒரே எண்ணில் இரண்டு கருவிகள் மோதி இரண்டுமே நின்றுவிடும்.

வேகத்துக்காக இதைச் செய்ய வேண்டியதில்லை. ஜிபானில் கீழ்நோக்கிய (வீட்டுக்கு வரும்) வேகம் 2.488 ஜி.பி.பி.எஸ்., மேல்நோக்கியது (வீட்டிலிருந்து போவது) 1.244 ஜி.பி.பி.எஸ்.; அதுவும் ஒரே ஸ்ப்ளிட்டரில் (ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் கருவி) இருக்கும் 32 அல்லது 64 வீடுகளுக்கும் பொதுவானது. உங்கள் ரவுட்டரின் துளை 1 ஜி.பி.பி.எஸ். வகை என்றால் ஸ்டிக்கும் அதற்கு மேல் தராது. ரவுட்டரை மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும் ஸ்டிக்கும் அணைந்து, மீண்டும் ஓ.எல்.டி.யிடம் பதிவாகி வரும்வரை காத்திருக்க வேண்டும். கற்றுக்கொள்ளும் ஆர்வத்துக்காகச் செய்யுங்கள். வீட்டில் அப்பாவுக்கு அலுவலகக் கூட்டம் இருக்கும் நாளில் செய்யாதீர்கள்.

கேள்வி (அதே மாணவர்): ஸ்டிக் விலை அதிகமாக இருக்கிறது. 1310, 1490 என்று அச்சிட்ட ஒற்றை ஃபைபர் எஸ்.எஃப்.பி. மலிவாகக் கிடைக்கிறதே, அதைச் சொருகலாமா?

பதில்: கூடவே கூடாது. ஜிபானிலும் கீழ்நோக்கி 1490 நானோமீட்டர், மேல்நோக்கி 1310 நானோமீட்டர் என்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன; அதனால்தான் இந்த எச்சரிக்கையை விரிவாகச் சொல்கிறேன். உங்கள் தெருவின் எல்லா வீடுகளும் ஸ்ப்ளிட்டர் வழியாக ஒரே ஃபைபரில் சேர்ந்து ஓ.எல்.டி.க்குப் போகின்றன. மேல்நோக்கி அனுப்ப ஒவ்வொரு ஓ.என்.டி.க்கும் மிகக் குறுகிய நேரம் ஒதுக்கப்படுகிறது. தன் முறை வரும்போது மட்டும் அது லேசரை எரித்து, உடனே அணைத்துவிடும். சாதாரண எஸ்.எஃப்.பி.யோ நேர ஒதுக்கீடு எதையும் அறியாமல் லேசரைத் தொடர்ந்து எரித்துக்கொண்டே இருக்கும். கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசினால் மற்றவர்கள் பேச்சு எப்படிக் கேட்காதோ, அப்படி அந்த ஸ்ப்ளிட்டரில் இருக்கும் அத்தனை வீடுகளின் இணைப்பும் நின்றுவிடும். எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க லைன்மேன் ஒவ்வோர் இழையாகக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். அத்தனை பாடுபட்டாலும் உங்களுக்கு இணையம் கிடைக்காது.

கேள்வி (களியக்காவிளை): அண்ணே, பாறசாலையில் இருக்கும் என் அக்கா வீட்டில் ஒரு சிறிய ஓ.என்.டி. சும்மா கிடக்கிறது. அது கேரளத்து இணைப்புக்குக் கொடுத்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் என் வீட்டில் அதை மாட்டலாமா?

பதில்: மாநில எல்லை ஒரு பொருட்டே அன்று; எந்த நிறுவனத்தின் ஓ.எல்.டி. என்பதே கேள்வி. அந்தப் பெட்டி ஜிபானா, இபானா, இரண்டுக்கும் மாறிக்கொள்ளும் எக்ஸ்பான் வகையா என்று அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் பாருங்கள். உங்கள் இணைப்பின் வகையோடு பொருந்தாவிட்டால் அங்கேயே முடிந்தது. பொருந்தினாலும், நிறுவனம் வாடகைக்கோ முன்பணத்துக்கோ கொடுத்த பெட்டியில் அதன் சொந்த மென்பொருள் ஏற்றப்பட்டிருக்கக்கூடும். அதன் அமைப்புப் பக்கத்துக்குள் நம்மால் நுழைய முடியாது. மேலும் அது அந்த நிறுவனத்தின் சொத்து என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டியது அக்காவின் பொறுப்பு. பணம் கொடுத்து வாங்கிய பெட்டியாக இருந்தால் மட்டும் உங்கள் கேபிள்காரரிடம் எடுத்துச் சென்று, பதிவு செய்து தருவாரா என்று கேளுங்கள். பி.எஸ்.என்.எல். ஃபைபரில் சந்தாதாரர் தாமே ஓ.என்.டி. வாங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. மற்றவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

கேள்வி (திருவட்டாறு, ஓய்வு பெற்ற ஆசிரியை): தம்பி, எங்கள் பழைய தொலைபேசி எண் இப்போது இந்தப் பெட்டியில்தான் இணைந்திருக்கிறது. மகன் துபாயிலிருந்து அதில்தான் கூப்பிடுவான். பெட்டியை மாற்றினால் எண் போய்விடுமா?

பதில்: எண் போகாது, அம்மா, ஆனால் தொலைபேசித் துளை இல்லாத சிறிய பெட்டியை வைத்தால் மணி அடிக்காது. உங்கள் எண்ணுக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அந்தப் பெட்டிக்குள் பதியப்பட்டிருக்கின்றன. தொலைபேசித் துளை உள்ள வேறொரு பெட்டிக்கு அவற்றை மாற்றித் தர வேண்டியவர் இணைப்புக் கொடுத்தவரே. அப்படிப்பட்ட பெட்டி இப்போதுள்ளதைவிட அவ்வளவு சிறியதாகவும் இருக்காது. உங்கள் வீட்டில் இருப்பதை அப்படியே விட்டுவைப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. ஆன்டெனா கண்ணை உறுத்துகிறது என்றால் அவற்றைப் பக்கவாட்டில் மடக்கிவிடலாம்.

கேள்வி (மேல்புறம்): பெட்டியில் டிவி கேபிள் திருகும் துளையும் இருக்கிறது. அதற்கும் இதே நிலைதானா?

பதில்: ஆம். டிவி சமிக்ஞை அதே ஃபைபரில் 1550 நானோமீட்டரில் தனியாக வருகிறது. அதைப் பிரித்தெடுக்கும் பகுதி புதிய பெட்டியில் இல்லையென்றால் இணையம் வரும், சேனல்கள் வராது. மலையாளச் சேனல்களையும் தமிழ்ச் சேனல்களையும் ஒரே செட்டாப் பெட்டியில் பார்க்கும் வீடுகள் இங்கே அதிகம் என்பதால், மாற்றுவதற்கு முன் இதை வீட்டில் எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி (அருமனை, ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்): ஐப்பசி இடியில் ஒவ்வோர் ஆண்டும் மோடம் போகிறது. ஃபைபரில் மின்னல் வராது என்கிறார்களே, பிறகு எப்படிப் போகிறது? சிறியதாக மாற்றினால் தப்புமா?

பதில்: கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்பது உண்மை. ஆனால் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் டிராப் கேபிள்கள் பலவற்றில் இழையைத் தாங்கும் எஃகுக் கம்பி சேர்ந்தே வருகிறது. அந்தக் கம்பியைச் சுவருக்கு வெளியே கொக்கியோடு நிறுத்தி வெட்டிவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். அவசரத்தில் கம்பியையும் சேர்த்துப் பெட்டிவரை இழுத்துவிடுகிறார்கள். உள்ளே உலோக வலுவூட்டல் இல்லாத கேபிள் வகையும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

மின்னல் உள்ளே நுழைய இதைவிடப் பெரிய வழிகள் இரண்டு. ஒன்று மின் அடாப்டர். மற்றது, வீட்டிலிருந்து ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்கோ காவலாளி அறைக்கோ வெளியில் இழுத்திருக்கும் லேன் கேபிள். பக்கத்தில் எங்காவது மின்னல் விழும்போது அந்தச் செம்புக் கம்பியில் தூண்டப்படும் மின்னழுத்தம் நேராக லேன் துளைக்குள் பாய்கிறது. கட்டிடங்களுக்கு இடையே செம்பை எடுத்துவிட்டு ஃபைபர் இழுங்கள்; இரு முனைகளிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் லேன் கேபிளையும் இணைக்கும் கருவி) வைத்தால் போதும். குழித்துறை மாணவருக்கு வேண்டாம் என்று சொன்ன மலிவான ஒற்றை ஃபைபர் எஸ்.எஃப்.பி. சரியாகப் பொருந்தும் இடம் இதுவே. அது உங்கள் சொந்த ஃபைபர், ஸ்ப்ளிட்டர் எதுவும் நடுவில் இல்லை. பெட்டியின் அளவைச் சுருக்குவதால் மின்னலிலிருந்து பாதுகாப்பு கூடாது. போனால் இழப்பது சிறிய பெட்டியின் விலை மட்டும் என்பதே லாபம். இடி தொடங்கியதும் அடாப்டரையும் லேன் கேபிளையும் கழற்றிவிடும் வழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

கேள்வி (கொல்லங்கோடு): புதிய சிறிய ஓ.என்.டி. மாட்டியதிலிருந்து லாஸ் என்ற சிவப்பு விளக்கு அவ்வப்போது மின்னுகிறது. பெட்டி பழுதா?

பதில்: ஃபைபரில் ஒளி சரியாக வரவில்லை என்று காட்டும் விளக்கு அது. பெட்டியைச் சந்தேகிப்பதற்கு முன் இழையைப் பாருங்கள். பெரிய பெட்டிக்குப் பின்னால் தாராளமாகச் சுருண்டிருந்த இழையைச் சிறிய பெட்டிக்குப் பின்னால் அதன் அளவுக்கே சுருட்டித் திணித்திருப்பார்கள். வளைவைத் தாங்கும் ஜி.657.ஏ1 வகை இழைக்குக்கூட வளைவின் ஆரம் 10 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, பழைய ஜி.652 வகைக்கு 30 மில்லிமீட்டர் வேண்டும். அடுத்தது கனெக்டரின் நிறம். பச்சை என்றால் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது. நீலம் என்றால் சாய்வு இல்லாதது. பச்சையை நீலத்தில் சொருகினால் உள்ளே நுழைந்துவிடும், விளக்கும் சில நேரம் எரியும், ஆனால் இரு முனைகளுக்கும் நடுவே இடைவெளி விழுந்து ஒளி பெருமளவு வீணாகும்.

லைன்மேன் வரும்போது பவர் மீட்டரில் 1490 வைத்து ஒளியின் வலிமையை அளக்கச் சொல்லுங்கள்; அதன் அலகு டி.பி.எம். பரவலாக உள்ள பி பிளஸ் வகை ஜிபானில் ஓ.என்.டி. மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டி.பி.எம். வரை ஏற்கும். மைனஸ் 24க்குக் கீழே போனால் மழைக்காலத்தில் தொல்லை வரும் என்று நான் எடுத்துக்கொள்வேன். ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதற்காகக் கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி (நித்திரவிளை): மின்தடையின்போது மினி யு.பி.எஸ். அதிக நேரம் தாங்க வேண்டும் என்பதற்காகவே சிறியதைத் தேடுகிறேன்.

பதில்: கம்பத்தில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை, ஆகவே ஓ.எல்.டி. இருக்கும் இடத்தில் மின்சாரம் இருந்தால் உங்கள் வீட்டுக் கருவிக்கு மட்டும் கொடுத்தால் போதும். 3.7 வோல்ட், 2000 எம்.ஏ.எச். செல்கள் மூன்று கொண்ட யு.பி.எஸ்.ஸில் சுமார் 22 வாட்-மணி இருக்கும். 10 வாட் இழுக்கும் பெரிய பெட்டிக்கு அது 2 மணி நேரத்தை ஒட்டியும், 4 வாட் இழுக்கும் சிறியதற்கு 4 மணி நேரத்துக்கு மேலும் வரும். ஆனால் தனி ரவுட்டரையும் சேர்த்து ஓட்டினால் மொத்தச் செலவு பழைய பெட்டியின் அளவுக்கே திரும்பிவிடலாம் என்பதால், இரண்டு அடாப்டர்களின் சீட்டையும் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். யு.பி.எஸ். தரும் வோல்ட், கருவியின் அடாப்டரில் உள்ளதோடு ஒன்றாக இருக்க வேண்டும். யு.பி.எஸ்.ஸின் ஆம்பியர் அதிகமாக இருந்தால் குற்றமில்லை.

கேள்வி (பளுகல்): மாற்றும் நாளில் எதை மறந்துவிடக் கூடாது?

பதில்: பழைய பெட்டியைக் கழற்றும் முன், அதில் உள்ள பி.பி.பி.ஓ.இ. (நிறுவனத்தின் வலையில் உள்நுழையும் முறை) பயனர் பெயரையும் விலான் எண்ணையும் (இணையத்துக்கான தடத்தைக் குறிக்கும் எண்) கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் புள்ளிகளாகவே தெரியும், அதைக் கேபிள்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். சிறிய ஓ.என்.டி.யைப் பிரிட்ஜ் முறையில் (இணைப்பை ரவுட்டருக்கு அப்படியே கடத்தும் முறை) வைத்து, இவற்றை உங்கள் ரவுட்டரில் கொடுங்கள், எம்.டி.யூ. (ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) 1492 ஆக இருக்கட்டும், இல்லாவிட்டால் சில தளங்கள் மட்டும் திறக்காமல் நிற்கும். பழைய பெட்டி உங்களுடையது என்றால் அடாப்டரோடு பத்திரமாக வையுங்கள். புகார் கொடுக்கும்போது அதை மாட்டிச் சோதிக்கச் சொல்வார்கள். நிறுவனத்துடையது என்றால் திருப்பிக் கொடுத்து, முன்பணத்துக்கான ரசீதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.