கரிசல் மண்ணுக்கு எந்த ஓக்?

டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் வீடு வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர், வாசல் புல்வெளியில் ஒரு நிழல் மரம் வைத்தே ஆகவேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் கடிதம் அனுப்பியிருப்பதாகவும், தோட்ட ஒப்பந்தக்காரர் ‘ரெட் ஓக்’ கன்று ஒன்றை மலிவாக நட்டுத் தர முன்வந்திருப்பதாகவும் எழுதி, ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

அந்தப் பெயரை மட்டும் நம்பி ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் பகுதியில் இருப்பது சுண்ணாம்பு மிகுந்த கரிசல் களிமண். ‘ரெட் ஓக்’ என்று விற்கப்படுபவற்றில் ஷூமார்ட் ஓக் அதில் நன்றாக வளரும், ‘பின் ஓக்’ (pin oak) தேறாது. மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும், காரத்தன்மையால் பின் ஓக்கின் வேர் அதை எடுத்துக்கொள்ள இயலாது. நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இலையின் மற்ற பகுதி வெளிறி மஞ்சளாகி, ஓரம் கருகி, மரம் ஆண்டுக்காண்டு மெலிந்துகொண்டே போகும். ‘ரெட் ஓக்’ என்ற ஒரே சீட்டைக் கட்டி இவ்விரண்டையும், இவற்றின் கலப்பினத்தையும் விற்கிறார்கள். நாற்றங்காலில் இலை பச்சையாக இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம்; தொட்டியில் இருப்பது பைன் மரப்பட்டைக் கலவை, உங்கள் வீட்டு மண் அன்று. கீழ்க்கிளைகள் தரையை நோக்கிச் சரிந்திருந்தால் பின் ஓக்கின் கலப்பு என்று சந்தேகப்படுங்கள். ரெட் ஓக்தான் வாங்குவதென்றால், ஷூமார்ட் ஓக்கின் தாவரவியல் பெயரான ‘குவெர்கஸ் ஷூமார்டியை’ (Quercus shumardii) என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்குபவரிடம் வாங்காதீர்கள். மஞ்சளான பிறகு இரும்பு மருந்தைத் தண்டில் செலுத்துவதாக ஆள் வருவார். அந்தப் பச்சை நிலைக்காது, செலவுதான் தொடரும்.

பின் ஓக் கெட்ட மரம் என்று நான் சொல்லவில்லை. கிழக்கு டெக்சஸின் அமில மணல் மண்ணில் அது செழிப்பாக, அழகாக வளர்கிறது. அங்கே குடியிருப்பவர் தாராளமாக நடலாம். மண் மாறினால் தீர்ப்பும் மாறும். உங்கள் மண்ணுக்கு மட்டும் அது வேண்டாம்.

என் தேர்வு சின்காபின் ஓக். சுண்ணாம்பு மண்ணைத் தாங்கும். பூஞ்சையால் வரும் ஓக் வாடல் நோய்க்கும் எளிதில் பலியாகாது. ஷூமார்ட் அந்நோய் கண்டால் சில வாரங்களிலேயே பட்டுவிடும் என்பதால் அதை இரண்டாவதாகவே வைக்கிறேன். பர் ஓக் உறுதியானது, ஆனால் சிறிய முன்புறத்துக்கு மிகப் பெரியது. லைவ் ஓக் என்றும் பசுமையானது என்றாலும் அகலமாகப் படரும், வேரோடு வேர் பின்னி நோயையும் பகிர்ந்துகொள்ளும்.

நட்ட பிறகு, பிப்ரவரி முதல் ஜூன் வரை கிளையை வெட்டாதீர்கள். நோய்ப் பூஞ்சையைச் சுமக்கும் வண்டுகள் புதிய காயத்தைத் தேடி வரும் காலம் அது. எப்போது வெட்டினாலும் காயத்தில் உடனே பெயின்ட் பூசுங்கள். இந்த மாதங்களில்தான் ரம்பத்துடன் கதவைத் தட்டி, “கிளை கூரையில் உரசுகிறது” என்று பயமுறுத்துபவர்கள் வருகிறார்கள். மரம் வெட்டும் தொழிலுக்கு டெக்சஸ் மாநிலம் உரிமம் எதையும் கேட்பதில்லை. மரம் இல்லையென்றால் கடிதம் அனுப்பும் சங்கங்களோ, எந்த மரம் நடப்படுகிறது, யார் வெட்டுகிறார்கள் என்று பெரும்பாலும் கவனிப்பதில்லை. இந்த அலட்சியத்துக்குத் தெருத்தெருவாக மரங்கள் விலை கொடுக்கின்றன. ஆகவே சான்று பெற்ற மர வல்லுநரை நீங்களே தேடிப் பிடியுங்கள். கன்றை அக்டோபருக்குப் பிறகு, சுவரிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, தண்டு வேராக விரியும் அடிப்பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி நடச் சொல்லுங்கள்.