பட்டாளத்து அதிகாரிக்கு ஓட்டுப் போடலாமா? சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

நான் மலேசிய ராணுவத்தில் வாரண்ட் ஆபிசராக இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் பேச்சு எழுந்தாலே பட்டாளத்து அதிகாரிகள் அரசியலுக்கு வரலாமா என்ற விவகாரம் ஒட்டுக்கடையிலிருந்து என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, வேலையில் இருக்கும் ராணுவ அதிகாரி தேர்தலில் நிற்கலாமா? (செம்பனைத் தோட்ட மண்டோர்)

நிற்க முடியாது தம்பி. அரசாங்கச் சம்பளப் பதவியில் இருப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 48ஆவது பிரிவு. ராணுவமும் அதில் அடக்கம். ஓட்டுப் போட மட்டும் தடை இல்லை, முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். இந்தோனேசியாவில் பணியில் இருக்கும் சிப்பாய்க்கு அந்த ஓட்டும் கிடையாது.

நம் நாட்டில் பட்டாளத்தை விட்டு வந்த யாராவது பதவிக்கு வந்திருக்கிறார்களா சார்? (கல்லூரி மாணவர்)

பிரதமராகவே ஒருவர் வந்திருக்கிறார். 1976 முதல் 1981 வரை பிரதமராக இருந்த துன் உசேன் ஓன், இந்தியாவில் டேராடூன் ராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்று, இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். அதன் பிறகு சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனார். இது பலருக்குத் தெரியாது. காரணம், அவர் பட்டாளப் பெருமையைச் சொல்லி ஓட்டுக் கேட்டு வந்தவர் இல்லை.

அண்மைக் காலத்தில் போர்ட் டிக்சன் நாடாளுமன்றத் தொகுதி. கடற்படையில் லக்சமானா பெர்த்தாமாவாக (அட்மிரல் நிலைகளில் முதல் படி) இருந்து ஓய்வு பெற்ற டேன்யல் பாலகோபால் அப்துல்லா 2018 பொதுத் தேர்தலில் அங்கே ஜெயித்தார். சில மாதங்களில், பின்னாளில் பிரதமரான அன்வார் இப்ராஹிமுக்காக அந்த இடத்தை விட்டுக்கொடுத்தார். அக்டோபரில் நடந்த இடைத்தேர்தலில் பாஸ் கட்சி ஓய்வு பெற்ற லெப்டினன்ட் கர்னல் ஒருவரை நிறுத்தியது. ராணுவ முகாம்கள் உள்ள தொகுதிதான், ஆனாலும் அன்வார் 23,560 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பதவிப் பட்டத்துக்கென்று தனி ஓட்டு இல்லை என்று அதைப் பார்த்து நான் முடிவு செய்துகொண்டேன்.

முன்னாள் அதிகாரிகள் வந்தால் ஊழல் இருக்காது, ஒழுங்கு இருக்கும் என்கிறார் என் வீட்டுக்காரர். சரியா சார்? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

பாதிதான் சரி, டீச்சர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜெயித்த ஜெனரல் கிராண்ட் 1869இல் அதிபரானார். கை சுத்தமான மனிதர். கூட இருந்தவர்கள் செய்த ஊழலில் அவருடைய எட்டு வருட ஆட்சியே நாறிப்போனது. பட்டாளத்தில் ஒழுங்கு இருப்பதற்கு ராணுவ நீதிமன்றமும் காவல் அறையும் காரணம். அந்தப் பயம் இல்லாத இடத்தில் அதிகாரி எப்படி நடப்பார் என்பதற்கு மெடல் உத்தரவாதம் தராது.

டெம்ப்ளர் என்ற ஜெனரல்தானே அவசரகாலத்தில் நாட்டைக் காப்பாற்றினார்? (ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளி)

ஐயா, நம் ஊரில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. 1948 ஜூன் 16 அன்று இங்கே தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளால் கொல்லப்பட்ட பிறகுதான் அவசரகாலமே பிறந்தது. பிரிட்டிஷ் அரசு அனுப்பி 1952இல் வந்த டெம்ப்ளரிடம் ராணுவம், சிவில் நிர்வாகம் இரண்டும் சேர்ந்தே இருந்தன. குடியுரிமை விதிகள் தளர்ந்ததும் அவர் காலத்தில்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அதே வருடம் தஞ்சோங் மாலிமில் என்ன நடந்தது? பக்கத்தில் நடந்த ஒரு தாக்குதலுக்காக ஊர் முழுவதற்கும் நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டு, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம் என்று அந்த ஊர்க்காரர்கள் அவரிடம் சொல்ல முடியுமா? அவரை நாம் அமர்த்தவில்லை, இறக்கவும் வழி இல்லை. எனவே ஓட்டு வாங்கி வருகிற ஜெனரலுக்கு டெம்ப்ளரை உதாரணம் காட்ட முடியாது.

இலங்கையில் கோத்தபய ராஜபக்ச ஓட்டு வாங்கித்தானே வந்தார்? (பெயர் வேண்டாம் என்றவர்)

ஆமாம். 1991இல் லெப்டினன்ட் கர்னலாக விலகி, 2019இல் அதிபராகி, 2022 ஜூலையில் நாட்டை விட்டே ஓடினார். போர்க்காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக அவர் செய்தது தமிழர்களுக்குத் தெரியும், அது தனிக் கதை. ஆட்சி செய்த விதத்துக்கு ஒரே உதாரணம் சொல்கிறேன், தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார். நாடு முழுவதும் உடனே இயற்கை உரத்துக்கு மாற வேண்டுமாம்! நெல் விளைச்சல் சரிந்தது. மலையகத்தில் தேயிலைக் கொழுந்து குறைந்து, எடைக்குக் கூலி வாங்கும் நம் பெண்களின் பையும் காலியானது. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள், காலம் கடந்துவிட்டது. பல சிவில் பதவிகளில் ஓய்வு பெற்ற அதிகாரிகளைத்தான் உட்கார வைத்திருந்தார். "இது நடக்காது" என்று சொல்லும் குரல் மேலே போய்ச் சேரவில்லை. என் பயமெல்லாம் அதுதான். முன்னாள் அதிகாரி தனியாக வந்தால் பரவாயில்லை, முகாமையே கூட்டிக்கொண்டு வரக்கூடாது.

அண்டை நாடுகளில் நிலைமை எப்படி அண்ணே?

மியன்மாரின் 2008 அரசியலமைப்பில் நாடாளுமன்ற இடங்களில் கால் பங்கு ராணுவத்துக்கே. அதுவும் போதாமல் 2021இல் ஆட்சியையே பிடுங்கினார்கள். இந்தோனேசியாவிலோ நாடாளுமன்றத்தில் ராணுவத்துக்கு இருந்த ஒதுக்கீடு 2004இல் ஒழிந்தது. அதே ஆண்டு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் அதிபர் சுசிலோ பம்பாங் யுதோயோனோ, அவரும் ஓய்வு பெற்ற ஜெனரல்தான். இரண்டு தவணை இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அப்படியானால் என்ன விதி வைக்கலாம்?

இடைவெளி. இஸ்ரேலில் (பெயரைச் சொன்னாலே சிலர் முகம் சுளிப்பார்கள், இருக்கட்டும்) உயர் அதிகாரி நாடாளுமன்றத்துக்கு நிற்க 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் தற்காப்பு அமைச்சராக வர ராணுவ அதிகாரிப் பணியை விட்டு 7 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், ஜெனரல், அட்மிரல் நிலையில் இருந்தவர் என்றால் இப்போது 10 ஆண்டு. எல்லாருக்கும் 7 ஆண்டாக இருந்தபோதே 2017, 2021இல் விலக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டில் ஜெனரல், அட்மிரல் நிலைக்கு 3 ஆண்டு வைத்தால் போதும் என்பேன். சிப்பாய்க்கும் சார்ஜனுக்கும் எதுவும் வேண்டாம், அவர்கள் சொன்னால் எந்தப் படைப்பிரிவும் நகராது.

முன்னாள் வீரர்களின் பென்சன் பிரச்சினையை முன்னாள் அதிகாரிகள்தானே பேசுவார்கள்? (முன்னாள் லான்ஸ் கோப்ரல்)

பேசுவார்கள் என்று நீங்களாக நம்பிவிடாதீர்கள். 21 ஆண்டு முடிக்காமல் வெளியே வந்து பென்சன் இல்லாமல் காவல்காரர் வேலை பார்ப்பவர்கள் அதிகமாகக் கீழ்நிலையில் இருந்தவர்கள்தான். ஓட்டுக் கேட்டு வரும் கர்னலுக்குப் பென்சன் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வரும்போது சல்யூட் அடிக்காமல், நாற்காலி போட்டு உட்கார வைத்து, இதற்கு என்ன செய்வீர்கள் துவான் என்று கேளுங்கள்.