சிறு நீராவி என்ஜின்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நீராவியாலேயே ஓடும் மாதிரி ரயில் என்ஜின்களைப் பற்றிக் கொங்கு வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறோம். ஈரோட்டு வாசகர் கேட்டிருப்பது பலர் மனத்தில் உள்ள கேள்வி என்பதால் அதற்குக் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

வாசகர், கோபிசெட்டிபாளையம்

கேள்வி: தண்டவாளங்களுக்கு இடையே 32 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையில் ஓடும், கேஸில் எரியும் பிரிட்டன் தயாரிப்பு என்ஜின் ஒன்றை வாங்கினேன். வாங்கும் முன் நான் பார்த்த வீடியோக்களில் அது சத்தமின்றி நிதானமாக ஓடியது. எங்கள் மொட்டைமாடியில் சித்திரை வெயிலில் ஓட்டினால் பர்னர் ஊளையிடுகிறது. சேஃப்டி வால்வு ஓயாமல் சீறுகிறது. என்ஜினில் கோளாறு இருக்குமோ?

பதில்: கோளாறு என்ஜினில் இருக்க வாய்ப்பு குறைவு; வெயிலைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். தொட்டியில் திரவமாக இருக்கும் பியூட்டேன் என்ற எரிவாயு எவ்வளவு அழுத்தத்துடன் வெளியே வரும் என்பதை அதன் வெப்பநிலையே தீர்மானிக்கிறது. 20 டிகிரியில் தூய பியூட்டேனின் அழுத்தம், காற்றழுத்தத்திற்கு மேல் ஏறத்தாழ 1 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). 40 டிகிரியில் அது 2.8 பாரை நெருங்குகிறது. பர்னருக்குக் கேஸைப் பாய்ச்சும் ஜெட்டின் துளை அதேதான் என்றாலும், அதன் வழியே பாயும் கேஸ் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடும். குளிர்நாட்டில் தொட்டி குளிர்ந்து அழுத்தம் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் அங்குள்ளவர்களின் கவலை. அதற்காகத் தொட்டியை வெந்நீரில் வைப்பவர்களும் உண்டு. நமக்குத் தேவை அதற்கு நேர் எதிரான கவனம்.

கேஸ் வால்வை மிகச் சிறிதாகத் திறந்து பற்றவையுங்கள். ஊளைச் சத்தம் நிற்கும் வரை குறையுங்கள். பர்னரில் காற்றுத் துளையைச் சரிசெய்யும் வளையம் இருந்தால் அதையும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். அழுத்தம் ஏறிய பிறகு, சேஃப்டி வால்வு எப்போதாவது ஒருமுறை மட்டும் மூச்சு விடும் அளவில் தீயை நிறுத்தினால் ஓட்ட நேரம் கணிசமாகக் கூடும், ஏனெனில் சேஃப்டி வால்வில் சீறிப் போகும் நீராவி வண்டியை ஓர் அங்குலம்கூட இழுக்கவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு ஓட்டுவது இன்னும் நல்லது. சூடான தொட்டியில் மறுபடி கேஸ் நிரப்ப முயலாதீர்கள். அது உள்ளே ஏறாது, வழியும் கேஸ் காற்றைவிடக் கனமானதால் தாழ்ந்த இடத்தில் தேங்கி நிற்கும். சமையல் சிலிண்டரிலிருந்து நிரப்பலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். அதில் புரொப்பேனும் கலந்திருப்பதால் அதன் அழுத்தம் இந்தச் சிறு தொட்டிகளுக்கு ஏற்றதல்ல.

வாசகர், ஈரோடு

கேள்வி: என்னிடம் 32 மில்லிமீட்டர் பாதைக்கான கேஸ் என்ஜினும், என் மைத்துனரிடம் 45 மில்லிமீட்டர் பாதைக்கான, ஸ்பிரிட்டில் எரியும் என்ஜினும் உள்ளன. எது சிறந்தது என்று ஒவ்வொரு விடுமுறையிலும் வாதம் எழுகிறது. முடிவாக ஒப்பிட வழி உண்டா?

பதில்: முதலில் அவை எவற்றின் மாதிரிகள் என்று பார்க்க வேண்டும். உங்களுடையது அநேகமாக இரண்டடி அகலக் குறும்பாதை வண்டியை ஏறத்தாழ 19-இல் ஒரு பங்காகச் சுருக்கியது. உங்கள் மைத்துனருடையது 1435 மில்லிமீட்டர் பாதையில் ஓடிய பெரிய வண்டியை 32-இல் ஒரு பங்காகச் சுருக்கியதாக இருக்கக்கூடும். முன்னது தோட்டத்திலும் சுரங்கத்திலும் மெதுவாக நகர வேண்டியது. பின்னது நீண்ட பயணிகள் வண்டியை இழுத்துக்கொண்டு விரைய வேண்டியது. ஆகவே வேகத்தை வைத்து இரண்டையும் எடை போடுவது அநியாயம். ஒரே மாதிரியான இரண்டு என்ஜின்களுக்குக்கூட வேகத்தை அளவுகோலாகக் கொள்வதை நான் ஏற்பதில்லை. சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டரை முழுவதும் திறந்தால் எந்த என்ஜினும் ஓடும். வளைவில் கவிழவும் செய்யும். சுமையோடு எவ்வளவு மெதுவாக, நின்றுவிடாமல், ஒரே சீராக நகர முடிகிறது என்பதில்தான் வால்வுகள் பொருத்தப்பட்ட நேர்த்தியும், பிஸ்டனின் இறுக்கமும், சக்கரத்தின் ஒரு சுற்றில் உள்ள நான்கு கால்சுற்றுகளிலும் நீராவி சமமாகப் போகிறதா என்பதும் வெளிப்படும்.

எனவே முதல் சோதனை மெதுவோட்டம். பாதையில் ஒரு மீட்டர் தூரத்தைச் சுண்ணாம்பால் குறித்து, அதைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். அசல் வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், 19-இல் ஒரு பங்கு மாதிரி விநாடிக்கு 29 சென்டிமீட்டர் போக வேண்டும். அதாவது அந்த ஒரு மீட்டருக்கு மூன்றரை விநாடி. அதைவிட மெதுவாகவும் திக்காமல் போகிறது என்றால் நல்ல கைவேலை என்று சொல்லலாம்.

அடுத்தது இழுவை. இரண்டு என்ஜின்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் பெட்டிகளைக் கோத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பெட்டிச் சக்கரங்களின் உராய்வு ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பதால் அது போதாது. ஒரு சிறு ஸ்பிரிங் தராசை எஞ்சினின் கொக்கிக்கும் முதல் பெட்டிக்கும் இடையே மாட்டி, ஓடும்போது அது காட்டும் இழுவையைப் படியுங்கள். பாதை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நூற்றுக்கு ஒன்று என்ற அளவில், கண்ணுக்கே தெரியாத ஏற்றம் இருந்தாலும் வண்டியின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 10 கிராம் இழுவை கூடுதலாகத் தேவைப்படும். தண்டவாளத்தையும் துடைத்துவிடுங்கள், புகைபோக்கியிலிருந்து தெறிக்கும் எண்ணெய் படிந்தால் சக்கரம் வழுக்கும், பழி என்ஜின் மேல் விழும்.

இழுவையும் வேகமும் கிடைத்துவிட்டால் வேலைத் திறனைக் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, 500 கிராம் இழுவையோடு விநாடிக்கு அரை மீட்டர் ஓடினால் வெளியே கிடைப்பது சுமார் இரண்டரை வாட். அதே ஓட்டத்தில் 20 நிமிடத்துக்கு 20 கிராம் பியூட்டேன் எரிந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் ஏறத்தாழ 45 கிலோஜூல் வெப்பம் தரும்; அப்படியானால் உள்ளே போனது சுமார் 750 வாட். எரிந்த வெப்பத்தில் ஒரு சதவிகிதத்தில் மூன்றில் ஒரு பங்கே இழுவையாக மாறியிருக்கிறது. இதைக் கண்டு மனம் தளர வேண்டாம். தம்ளர் காபி அண்டாத் தண்ணீரைவிட விரைவில் ஆறிவிடுவதைப் போல, சிறிய கொதிகலனும் சிலிண்டரும் தம் அளவுக்கு மிஞ்சிய பரப்பினால் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். சிலிண்டருக்குள் நுழையும் நீராவியில் ஒரு பகுதி வேலை செய்யும் முன்பே நீராகிவிடும். பிரிட்டனில் 1969 முதல் நடைபெற்றுவரும் மாதிரி என்ஜின்களின் செயல்திறன் போட்டியில், ஆட்களையே ஏற்றி இழுக்கும் பெரிய மாதிரிகளுக்கு நிலக்கரியை எடை போட்டுக் கொடுத்து, இழுவையை அளக்கும் தனிப் பெட்டியைப் பின்னால் மாட்டிக் கணக்கிடுகிறார்கள். அங்கேகூட நூற்றுக்கு இரண்டு, மூன்று என்பது பாராட்டத்தக்க அளவு.

பெரிய வாதங்களும் இப்படி இழுத்துக் காட்டித்தான் தீர்ந்திருக்கின்றன. 1920-களில், அங்குலக் கணக்கில் உள்ள சிறு பாதையில் நிலக்கரி எரித்து ஆளை இழுக்க முடியாது என்ற கருத்து இங்கிலாந்தில் இருந்தபோது, 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயரில் எழுதிவந்த கர்லி லாரன்ஸ், இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் தம் 'அயேஷா' என்ற என்ஜினால் ஆளை இழுக்கவைத்து அந்தக் கருத்தை மாற்றினார்.

உங்கள் இருவருக்கும் இன்னொன்று. சோதனையன்று இரண்டு என்ஜின்களுக்கும் ஒரே தண்ணீர், ஒரே சிலிண்டர் எண்ணெய், ஒரே ஓட்டுநர் இருக்கட்டும். குளிர்ந்த சிலிண்டரோடு புறப்படும் முதல் சில மீட்டர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தி, தேங்கிய நீர் புகைபோக்கி வழியே வெளியேறிய பின்பே அளக்கத் தொடங்குங்கள். காற்றையும் கவனியுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்று ஈரோட்டில் ஓரளவு தணிந்திருக்கலாம். பல்லடம், உடுமலைப் பக்கம் ஓட்டினால் ஸ்பிரிட் திரிகளின் தீ ஒருபுறமாகச் சாய்ந்து மைத்துனரின் என்ஜின் வீணாகத் தோற்கும். ஸ்பிரிட்டின் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அருகில் ஈரத் துணி ஒன்று இருக்க வேண்டும். மெத்திலேட்டட் ஸ்பிரிட் நம் மாநிலத்தில் உரிமக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், புதிதாக வாங்குகிறவருக்குக் கேஸ் என்ஜினையே நான் பரிந்துரைப்பேன்.

வாசகர், திருப்பூர்

கேள்வி: என்ஜினுக்கு எந்தத் தண்ணீரை ஊற்றுவது?

பதில்: ஆழ்துளைக் கிணற்று நீர் கூடவே கூடாது, நம் பகுதியில் அது கடினநீர், கொதிகலனின் உட்சுவரில் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். வடிகட்டிய மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ நல்லது. அயனி நீக்கிய நீரைச் சில தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்கிறார்கள். வாங்கும் கேனில் எது என்று படித்துப் பாருங்கள். சிறுவாணி நீர் வரும் கோவை நண்பர்கள் அவசரத்துக்கு அதையே ஊற்றலாம்.

வாசகர், மேட்டுப்பாளையம்

கேள்வி: தினமும் கண்ணெதிரே புறப்படும் நீலகிரி ரயிலின் எக்ஸ் வகை என்ஜினை, பற்கள் கொண்ட பல்தண்டவாளத்தில் ஏறும்படி மாதிரியாகச் செய்ய ஆசை. முடியுமா?

பதில்: இந்த ஆசையை வரவேற்கிறேன், ஆனால் எங்கே கடினம் என்பதை முன்னரே அறிந்து தொடங்குங்கள். அளவு எளிதாகவே பொருந்துகிறது. மீட்டர் பாதையை 45 மில்லிமீட்டர் பாதையில் கொண்டுவந்தால் ஏறத்தாழ 22-இல் ஒரு பங்கு. அந்தப் பாதைக்கான தண்டவாளமும் சக்கரங்களும் கடையில் கிடைப்பவையே. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் உருவான அந்த வகை என்ஜினில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. அவற்றில் இரண்டு சிலிண்டர்கள், சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்தண்டவாளம் உள்ள பகுதியில், அந்தச் சிலிண்டர்களில் வேலை செய்து வெளியேறும் நீராவி மற்ற இரண்டு சிலிண்டர்களுக்குச் சென்று பற்சக்கரங்களைச் சுழற்றும். மாதிரியில் இதை அப்படியே செய்தால், இரண்டாவது இணைக்குப் போய்ச் சேரும் நீராவி பெரும்பாலும் நீராகிவிடும். இரண்டு இணைகளுக்கும் கொதிகலனிலிருந்து நேரடியாக நீராவி கொடுப்பதே என் யோசனை. தூய்மைவாதிகள் வருந்தலாம், என்ஜின் ஓடும்.

பெரிய சிக்கல் ஏற்றத்தில் இருக்கிறது. அங்கே உச்ச ஏற்றம் 12-இல் 1. எட்டு கிலோ எடையுள்ள வண்டி அதில் ஏற, உராய்வை விட்டுவிட்டாலே 670 கிராம் அளவுக்கு இழுவை வேண்டும். எண்ணெய் படிந்த தண்டவாளத்தில் சக்கரப் பிடிப்பை மட்டும் நம்ப முடியாது, ஆகவே பற்சக்கரம் அலங்காரமாக இல்லாமல் உண்மையாகவே வேலை செய்ய வேண்டும். அதைவிட முக்கியம் கொதிகலனுக்குள் உள்ள நீர்மட்டம். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள கொதிகலன் அந்தச் சரிவில் நின்றால், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நீர்மட்டத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். மேல்முனையில், தீ செல்லும் தீக்குழாய் நீருக்கு வெளியே தெரிந்துவிட்டால் அது காய்ந்து கெட்டுவிடும். தீக்குழாயைத் தாழ வைத்து, இரு முனைகளிலும் நீர்மட்டக் கண்ணாடி பொருத்துங்கள். அசலில் என்ஜின் எப்போதும் பெட்டிகளுக்குக் கீழ்ப்புறம் நின்று தள்ளிக்கொண்டே மலையேறும். பெட்டி கழன்று பின்னோக்கி உருளாமலிருக்க அதே ஏற்பாட்டை மாதிரியிலும் கடைப்பிடியுங்கள். பல்தண்டவாளத்தில் அசல் வண்டியின் உச்ச வேகம் 13 கிலோமீட்டர். உங்கள் மாதிரி விநாடிக்கு 16 சென்டிமீட்டர் ஏறினால் போதும்.

வாசகர், கணபதி, கோயம்புத்தூர்

கேள்வி: சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கொதிகலனை நானே செய்யலாமா? சட்டத் தடை உண்டா?

பதில்: 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுள்ள கலன்களைக் கொதிகலன் சட்டம் தன் வரையறைக்குள் சேர்ப்பதில்லை. நீங்கள் செய்யப்போவது பெரும்பாலும் ஒரு லிட்டரைக்கூட எட்டாது. ஆய்வாளர் வரமாட்டார் என்பதாலேயே சோதனைப் பொறுப்பு முழுவதும் உங்களுடையதாகிறது.

குழாயும் தகடும் தாமிரமாக இருக்கட்டும். பித்தளையிலிருந்து காலப்போக்கில் துத்தநாகம் கரைந்து போய் அது பொறபொறத்துவிடும் என்பதால், கொதிகலனின் உடலுக்குப் பித்தளை வேண்டாம். வால்வுகளையும் கேஜையும் திருகும் புஷ்களுக்குப் பம்ப் தொழிலுக்கென்று உங்கள் ஊர் ஃபவுண்டரிகள் வார்க்கும் கன்மெட்டல் என்ற வெண்கல வகை மிகப் பொருத்தம். இணைப்புகளை ஈயப் பற்றால் செய்யாதீர்கள். அது 190 டிகிரிக்குள் உருகிவிடும்; 4 பார் நீராவியின் வெப்பநிலையே 150 டிகிரியைத் தாண்டும், தண்ணீர் குறைந்தால் தகடு அதற்கும் மேல் ஏறும். 600 டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்றையே பயன்படுத்துங்கள். ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் மலிவான ராடுகள் பலவற்றில் பாஸ்பரஸ் உண்டு. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் அந்த இணைப்பை அரிக்கும், ஆகவே நிலக்கரி என்ஜினுக்கு அவை ஆகா.

வட்டமான உடல் எளிதில் தாங்கும். 60 மில்லிமீட்டர் விட்டமும் 1.6 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள தாமிரக் குழாயில், 3 பார் அழுத்தம் ஏற்படுத்தும் இழுவிசை சதுர மில்லிமீட்டருக்கு 6 நியூட்டனுக்கும் குறைவு. இரு முனைகளிலும் உள்ள தட்டைத் தகடுகளில்தான் கவனம் வேண்டும். அவை வெளிப்புறமாக வீங்காதபடி நடுவில் தாங்குகம்பிகளைக் கொடுங்கள்.

செய்து முடித்ததும் காற்றில்லாமல் முழுவதும் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் ஓட்ட அழுத்தத்தின் இரண்டு மடங்கு வரை ஏற்றி நிறுத்துங்கள். அழுக்கப்பட்ட காற்று தகட்டைப் பிய்த்துக்கொண்டு வெடிக்கும். தண்ணீர் சொட்டுவதோடு நின்றுவிடும், அதனால் காற்றழுத்தச் சோதனை செய்யவே கூடாது. பிரஷர் கேஜ் முள் இறங்காமலும் முனைத்தகடுகள் வீங்காமலும் இருந்தால் தேர்ச்சி. அதன்பின் அவ்வப்போது ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் மறுசோதனை போதும். ஒவ்வொரு சோதனையின் தேதியையும் அழுத்தத்தையும் என்ஜினின் அடிச்சட்டத்தில் பொறித்து வையுங்கள். என்றாவது அது வேறொருவர் கைக்குப் போனால் அவர் முதலில் தேடப்போவது அதைத்தான்.