50 ஸ்னோடிராப் கிழங்கில் 6 மட்டும் முளைத்ததற்குக் காரணம்

செப்டம்பரில் 50 ஸ்னோடிராப் (குளிர்காலக் கடைசியில் பூக்கும் சின்ன வெள்ளைப் பூச்செடி) கிழங்கு வாங்கித் தெற்குச் சுவரோரம் நட்டு, பிப்ரவரியில் 6 மட்டும் தலைகாட்டியதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் கைராசியைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் கிழங்குதான் காரணம். துலிப் மாதிரி இதைக் காயவைத்துப் பொட்டலம் கட்டினால் தாங்காது. சின்ன வெங்காயத்தைவிடச் சிறியது, கடையில் கிடக்கக் கிடக்க வற்றிவிடும். எனக்கும் முதல் வருடம் இதே கதிதான். தோண்டி எடுத்து விரலில் நசுக்கினால் வெறும் சருகு.

இங்கிலாந்தில் பழகியவர்கள் பூ முடிந்த கையோடு, இலை பச்சையாக இருக்கும்போதே பிடுங்கிய செடியாக வாங்குவார்கள். பிப்ரவரி கடைசி, மார்ச்சில் கிடைக்கும். வந்த அன்றே நட்டுவிடுங்கள். தண்டில் வெள்ளை முடிந்து பச்சை தொடங்கும் இடம் மண் மட்டத்தில் இருக்கட்டும், முன்பு இருந்த ஆழம் அதுதான்.

அப்புறம் அந்தச் சுவரோரம் வேண்டாம், கோடையில் வெந்துவிடும். இலையுதிர்க்கும் மரத்தடி போதும், ஆப்பிள் மரமானாலும் சரி. மக்கிய இலை கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள்.

பிழைத்த 6-ஐ விட்டுவிடாதீர்கள். இலை தானாக மஞ்சளாகும்வரை வெட்டக் கூடாது. அடுத்த வருடப் பூவுக்கான சாப்பாடு அதில்தான் இருக்கிறது. மூன்று நான்கு வருடத்தில் கொத்தாகும். பூத்து முடிந்ததும் தோட்ட முள்கரண்டியால் கிளப்பி, இரண்டு மூன்றாகப் பிரித்து நடலாம். விதையை எறும்பே இழுத்துப்போய்ப் பரப்பும், ஆனால் அது பூக்க வருடங்களாகும்.

வீட்டில் குழந்தை இருந்தால் கவனம், கிழங்கு நஞ்சு.