செல் சவ்வில் முனைவர் பட்டம்: இயற்பியல் தெரிய வேண்டுமா?

கேள்வி: உயிர்வேதியியல் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். செல் சவ்வைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். எத்தனை ஆண்டுகள் ஆகும்? உதவித்தொகை உண்டா? எனக்கு இயற்பியல் சரியாக வராது, அது தடையாகுமா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தது 3 ஆண்டுகள், பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டுகள். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் கிடைக்கும்.

இயற்பியல் தடையாகாது, ஆனால் அதை விலக்கிவைக்கவும் முடியாது. சவ்வின் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர்தான். ஒளிரும் சாயம் ஏற்றிய சவ்வில் ஒரு புள்ளியை லேசரால் மங்கச் செய்து, சுற்றியுள்ள மூலக்கூறுகள் நகர்ந்து வந்து அந்த இடம் மீண்டும் ஒளிர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தே அவற்றின் வேகத்தை அளக்கிறோம். இதற்கு வேண்டிய கணிதத்தை வேலையின் போக்கிலேயே கற்றுக்கொள்ளலாம்.

கையும் கண்ணும் பழகுவதுதான் கடினம். சவ்வின் மூலப்பொருளான கொழுப்பைக் குளோரோஃபார்மில் கரைத்துப் பிளாஸ்டிக் குழாயில் ஊற்றினால், பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பொருள்கள் உங்கள் மாதிரியில் கலந்துவிடும் என்பதால் கண்ணாடியையே பயன்படுத்த வேண்டும். நைட்ரஜன் வாயுவை மெல்ல ஊதி உலர்த்தினால் குடுவையின் சுவரில் மெல்லிய படலம் படியும். நீர் விட்டுக் குலுக்கியதும் அது பால்போலக் கலங்கி, நுண்ணிய சவ்வுப் பைகளாகும்.

அதைவிட முக்கியம், நமக்குப் பிடித்த முடிவையே சந்தேகிக்கும் பழக்கம். 1925இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்மேல் ஒரே மூலக்கூறு தடிமனுள்ள அடுக்காகப் பரப்பினர். அதன் பரப்பு அணுக்களின் மேற்பரப்பைப்போல இருமடங்கு இருந்ததால், சவ்வு இரட்டை அடுக்கு என்றனர். முடிவு சரி. ஆனால் அவர்கள் பயன்படுத்திய அசிட்டோன் என்ற கரைப்பான் கொழுப்பை முழுமையாகப் பிரித்தெடுக்கவில்லை. சிவப்பணுவின் பரப்பையும் அவர்கள் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டியது பின்னாளில் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது. இந்தச் சரிபார்க்கும் பொறுமையைத்தான் முனைவர் பயிற்சியின் உயிர் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள். அந்த ஆய்வகத்தில் மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவரிடம், எதிர்பார்த்த முடிவு முதல் முறையிலேயே கிடைத்தபோது வழிகாட்டி என்ன சொன்னார் என்று கேளுங்கள். "ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டுச் சோதனையை இன்னொரு முறை செய்யச் சொன்னார்" என்றால், தயங்காமல் அங்கே விண்ணப்பியுங்கள்.