பழைய அவுட்போர்டு மோட்டாரை நம்பி வாங்கலாமா?

வாங்கலாம்.

இதற்கு முன் பதில் எழுதியவர்கள் பெரும்பாலும் "கடன்பட்டாவது புதியது வாங்குங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கேட்டது அதுவல்ல. கடலூரில் சிறிய ஃபைபர் படகு வைத்திருக்கிறீர்கள், அதன் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் ஒன்று கைக்கு எட்டும் விலையில் வருகிறது, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதியது வாங்கப் பணம் வைத்திருப்பவர் இப்படிக் கேட்கவே மாட்டார். மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் புது மோட்டார் எடுத்தால், அந்தக் கடன் தீரும்வரை பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுத்தாக வேண்டும். சோனங்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ ஏலம் நடக்கும்போது கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். மீன்வளத் துறையின் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாமே என்று யாராவது எழுதுவார்கள். விண்ணப்பியுங்கள், நான் தடுக்கவில்லை. அது வந்து சேரும்வரை படகு கரையில் காய வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

டீசல் எஞ்சினுக்கு மாறலாம் என்றும் சிலர் சொல்வார்கள். நம் கரையில் நீள்வால் டீசல் எஞ்சின், அதாவது நீண்ட தண்டின் முனையில் விசிறி சுற்றும் எஞ்சின், வைத்த படகுகள் ஏராளம், எரிபொருள் செலவும் அதில் குறைவுதான். ஆனால் எங்கள் தாழங்குடாவில் ஆற்று முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடக்கும் நாட்களில், தூக்கிச் சாய்த்துக்கொள்ளக்கூடிய, தூக்கித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய அவுட்போர்டு மோட்டாரின் அருமை வேறு. உங்கள் கரை எப்படி என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மோட்டாரைப் பார்க்கக் கிளம்பும் முன் விற்பவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: நான் வந்து சேரும்வரை மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுக்க வேண்டாம். பழைய மோட்டாரின் உண்மை அது குளிர்ந்து கிடக்கும்போதுதான் தெரியும். சூடேறிய எஞ்சின் தேய்ந்து போயிருந்தாலும் எளிதாக எழுந்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் பெருகி வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பின் வந்த மாதங்களில் நாங்கள் மோட்டார் தேடினோம். அப்பாவின் பழைய மோட்டார் சரிசெய்ய முடியாத நிலைக்குப் போயிருந்தது. சித்தப்பாவுக்குத் தெரிந்த தரகர் ஒருவர், புதுச்சேரிப் பக்கம் ஒரு மோட்டார் இருப்பதாகச் சொல்லி எங்களை அழைத்துப் போனார். பார்த்தவுடன் யாருக்கும் பிடித்துவிடும் மோட்டார் அது. மேல்மூடி பளபளவென்று இருந்தது, ஸ்டிக்கர்கூட புதிது. விடியற்காலையிலேயே போய்விட்டோம். அப்பா மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"அண்ணே, காலையில் ஓட்டினீர்களா?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன் தம்பி."

"அப்படியானால் ஆறட்டும், காத்திருக்கிறோம்."

தரகருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நீ ஏன் குறுக்கே வருகிறாய்?" என்று சித்தப்பா எல்லோர் முன்னாலும் அதட்டினார். நான் நகரவில்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அந்த நேரம் வீண்போகவில்லை. மூடியைக் கழற்றச் சொன்னேன். உள்ளே திருகுகளின் தலைமேலேயே வண்ணம் பூசியிருந்தார்கள். மேலே சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலுக்கு அடியில், அலுமினியப் பாகங்களின் மேல், வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. அலுமினியத்தை உப்பு அரித்தால் வருவது அது. மேல்மூடிக்குள் அவ்வளவு உயரத்துக்கு உப்புநீர் போயிருக்கிறது என்றால், மோட்டார் ஒரு தடவையாவது முழுதாக மூழ்கியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

மூழ்கிய மோட்டார் ஏன் ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "கழுவிவிட்டால் சரியாகிவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் சுழலும் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்குகள் எண்ணெய்த் தொட்டியில் ஊறிக்கொண்டிருப்பதில்லை. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் அவற்றுக்கு உயிர். கடலில் மூழ்கிய மோட்டாரை எடுத்த உடனே நல்ல நீரில் அலசி, எண்ணெய் விட்டு, அன்றே ஓடவிட்டால் பிழைக்கும். இரண்டு நாள் கிடந்தால் பேரிங் துருப்பிடித்துவிடும். அதன் பிறகு எத்தனை வண்ணம் பூசினாலும் அந்தத் துரு உள்ளேயே இருக்கும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஃபிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு கைக்குத் தெரியும். நம் கடலூரில் தானே புயல் வந்த 2011 டிசம்பர் 30, பெருவெள்ளம் வந்த 2015, ஃபெஞ்சல் வந்த 2024 என்று நாட்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த நாட்களில் இந்த மோட்டார் எங்கே இருந்தது என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை.

முதுநகரில் பழுது பார்க்கும் மாமா ஒருவரையும் அன்று கையோடு அழைத்துப் போயிருந்தோம். அவர் அடிப்பகுதியில் கியர் ஆயில் திருகைத் தளர்த்தினார். வந்தது பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது. விசிறித் தண்டின் சீல் போய், கடல்நீர் கியர் பெட்டிக்குள் புகுந்து எண்ணெயோடு கலந்துவிட்டது என்று அதற்குப் பொருள். சீல் மட்டும் போயிருந்தால் மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை. அந்த நீரோடு எவ்வளவு காலம் ஓட்டினார்கள் என்பதுதான் கவலை. பிறகு ஆறிய மோட்டாரின் கயிற்றை இழுத்தார்கள். விற்பவர், அவர் மகன், தரகர் என்று மூவரும் மாறி மாறி இழுத்தும் எழவில்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜை மாமா மாட்டிப் பார்த்தார். ஒரு சிலிண்டரில் 105 பி.எஸ்.ஐ., மற்றதில் 70. இரண்டுக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. 105-ம் 70-ம் என்றால் ஒரு பக்கம் ரிங்கோ பிஸ்டனோ சிலிண்டரோ போய்விட்டது.

விலையை அங்கேயே பாதியாகக் குறைத்தார்கள். அப்பா "வேண்டாம்" என்று ஒரே சொல்லோடு எழுந்துவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் சித்தப்பா என்னோடு பேசவில்லை. தரகரின் முகத்தில் கரி பூசிவிட்டேனாம். என் மனதில் எந்த உறுத்தலும் இல்லை. அந்த மோட்டார் பிறகு யாரிடம் போனது என்று தெரியவில்லை.

நாங்கள் வாங்கியது பரங்கிப்பேட்டைப் பக்கம், கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு பெரியவரிடம். பார்வைக்கு அழகில்லாத மோட்டார். மூடியில் கீறல், கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. ஆனால் அவர் வீட்டு வாசலில் நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று நல்ல தண்ணீரோடு நின்றது. கரை சேர்ந்தவுடன் மோட்டாரை அதில் இறக்கி ஓடவிட்டு உப்பைக் கழுவுவதற்காக வைத்திருந்தது. அதைப் பார்த்தபோதே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மூடியைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. இரண்டாவது இழுப்பில் எழுந்தது. குளிர்நீர் வெளியேறும் சிறு துளையிலிருந்து தண்ணீர் விடாமல் பீச்சியது. நீங்கள் பார்க்கும்போது அந்த நீர் சொட்டுச் சொட்டாக விழுந்தால் நீரிறைக்கும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். அது மாற்றக்கூடிய சிறு உறுப்பு. இம்பெல்லர் புதிதாக இருந்தும் நீர் சரியாக வரவில்லை என்றால் உள்வழியெல்லாம் உப்பு அடைத்திருக்கிறது, அது பெரிய வேலை. கம்ப்ரஷன் இரண்டு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. உப்பு அலுமினியத்தை அரிக்காமல் தான் கரைந்து காக்கும் துத்தநாகத் தகடு பாதி கரைந்திருந்தது. அதுதான் நல்ல அறிகுறி. தகடு முழுதாகவே கரைந்து போயிருந்தால் உப்பு அடுத்து அலுமினியக் காலை, அதாவது நீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியை, தின்றிருக்கும். தகட்டின் மேல் வண்ணம் பூசியிருந்தால் அது வேலையே செய்யாது.

டிரம்மில் ஓடியதை மட்டும் நம்பி நாங்கள் பணம் கொடுக்கவில்லை. படகில் மாட்டி, ஆட்களை ஏற்றி, வெள்ளாற்று முகத்துவாரம் வரை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் கொடுத்தோம். சுமை ஏறும்போதுதான் கியர் நழுவுகிறதா, ஒரு சிலிண்டர் கைவிடுகிறதா என்பது தெரியும். இன்றுவரை அதைத்தான் ஓட்டுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை பெரிய விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் காலத்தில், சிறு படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் நாட்களில், அந்தக் கீறல் விழுந்த மோட்டார்தான் எங்கள் வீட்டைக் காப்பாற்றுகிறது.

அதை வாங்கிய பணம் அம்மாவுடையது. கூடையில் மீன் எடுத்துக்கொண்டு நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று தெருத் தெருவாக விற்றுச் சேர்த்தது. இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லாமல் என்னால் போக முடியாது. 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நல்ல திட்டம், அம்மாவைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் மீன் கூடையோடு நின்றால் நிறுத்தத்தில் நிற்காமலே போகிற பேருந்துகள் உண்டு. ஏறிய பிறகும் "நாறுகிறது, இறங்கு" என்று இறக்கிவிட்ட நடத்துநரை அம்மா பார்த்திருக்கிறார். கூடைக்கு மூடி போட்டு, சாக்குச் சுற்றி, சொட்டு நீர் கசியாமல்தான் எடுத்துப் போகிறார். அந்தக் கூடையிலிருந்து வந்த வஞ்சிரத்தை மதியம் சாப்பிடுகிறவர்கள்தான் காலையில் மூக்கைப் பொத்துகிறார்கள். எல்லா நடத்துநரும் அப்படி என்று நான் சொல்லவில்லை, கூடையைத் தாங்கிப் பிடித்து ஏற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணை நடுவழியில் இறக்கிவிடுவது என்ன நியாயம்? அப்படிச் சேர்ந்த பணத்தை ஒரு தரகரின் முகம் கோணக் கூடாது என்பதற்காக நான் எப்படித் தூக்கிக் கொடுப்பேன்?

மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். வாங்கும் முன் இரண்டு அளவு பாருங்கள். காலின் நீளம் 15 அங்குலமா 20 அங்குலமா, உங்கள் படகின் பின்பலகை உயரம் என்ன? உயரமான பலகையில் குட்டைக் கால் மோட்டாரை மாட்டினால் அலையில் விசிறி காற்றைத்தான் கடையும். மோட்டாரின் எண் தகடு பெயர்க்கப்படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணை உரசி அழித்த மோட்டாரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். விற்பவரிடம் எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பில்லும் இருந்தால் மிக நல்லது. உதிரிபாகம் உங்கள் ஊரில் கிடைக்கும் மாடலா என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். நம் கரையில் அதிகம் ஓடும் மாடலுக்கு இம்பெல்லரும் சீலும் கிடைத்துவிடும். எங்கோ கப்பலில் வந்திறங்கிய அபூர்வ மாடலுக்கு ஒரு சிறு உறுப்புக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

இப்போது பெட்ரோல் வேறு மாறிவிட்டது. பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. மோட்டார் தயாரிப்பாளர்களின் கையேடுகள் பெரும்பாலும் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை ஊதிப் போகச் செய்யும். ஆகவே வாங்கியவுடன் எரிபொருள் குழாய், கையால் அமுக்கி எரிபொருளை ஏற்றும் ரப்பர் பல்பு, கார்புரேட்டர் வாஷர்கள் ஆகியவற்றைப் புதிதாக மாற்றுங்கள். விலை பேசும்போதே அந்தச் செலவையும் கழித்துப் பேசுங்கள். சில வாரம் கடலுக்குப் போகப் போவதில்லை என்றால் கார்புரேட்டரில் மிச்சமிருப்பதை வடித்துவிடுங்கள். ஸ்கூட்டருக்கு ஊற்றும் 2டி எண்ணெயைக் கலக்காதீர்கள். அவுட்போர்டு மோட்டார் நீரால் குளிர்வது, அதற்கென்றே டி.சி.டபிள்யூ-3 என்று எழுதிய எண்ணெய் இருக்கிறது. பெரும்பாலான பெட்ரோல் மாடல்களுக்கு 50 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் எண்ணெய் கணக்கு. மண்ணெண்ணெய் மாடலாக இருந்தால் கலவை அளவு வேறு, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும், நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்குக் கொண்டுவந்து ஓடவிட வேண்டும்.

"நடுக்கடலில் நின்றுவிட்டால் உயிருக்கு யார் பொறுப்பு?" என்று என்னைத் திட்ட வருபவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். புது மோட்டாரும் நிற்கும். ஒரே மோட்டாரோடு போகிற எந்தப் படகிலும் துடுப்பு, பாய், உபரி பிளக், கிளப்புவதற்கு மாற்றுக் கயிறு, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும். மோட்டார் வாங்கிய முதல் சில வாரம், அதிலும் வாடைக் காற்று தொடங்கிவிட்டால், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே வலை போடுங்கள். மோட்டாரின் குணம் பிடிபட்ட பிறகு தூரம் போகலாம்.

நீங்கள் பார்த்திருக்கும் மோட்டாரின் மாடலைக் கேள்வியில் எழுதவில்லை. மூடியைக் கழற்றி ஃபிளைவீல் பக்கம் ஒரு படம், கியர் ஆயில் திருகைத் தளர்த்தும்போது வரும் எண்ணெயை வெள்ளைத் துணியில் பிடித்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். மாமாவிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.