‘ஆல் குவையட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ (1930): கேள்வி பதில்

முதல் உலகப் போரில், வாத்தியார் பேச்சைக் கேட்டுப் படையில் சேர்ந்த ஜெர்மானிய மாணவர்கள் ஒவ்வொருவராகச் சாகும் கதை. எரிக் மரியா ரெமார்க்கின் நாவல் 1929இல் புத்தகமாக வந்தது. அடுத்த வருடமே லூயிஸ் மைல்ஸ்டோன் அதை ஹாலிவுட்டில் படமாக்கினார். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கே: இவ்வளவு பழைய படத்தில் இன்றைக்குப் பார்க்க என்ன சார் இருக்கிறது? நடிப்பெல்லாம் நாடகம் மாதிரி இருக்கிறதே.

நடிப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பேசும் படம் வந்த புதிது. வகுப்பறைப் பேச்சும் வீட்டுக் காட்சிகளும் மேடை வாடையோடுதான் இருக்கின்றன. விமர்சகர்களும் அந்தக் குறையைச் சொல்லியே வந்திருக்கிறார்கள். ஆனால் போர்க்களத்துக்குப் போனதும் படம் வேறாகிவிடுகிறது. கேமரா போடும் சத்தம் பதிவாகிவிடும் என்று அப்போது அதை ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். மைல்ஸ்டோனும் ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடிசனும் சண்டைக் காட்சிகளை ஊமைப்படம் போல எடுத்து, சத்தத்தைப் பிறகு சேர்த்தார்கள். அதனால்தான் கேமரா கிரேனில் ஏறிப் பதுங்குகுழிகளின் மேல் அப்படி ஓடுகிறது. பிற்காலப் போர்ப் படங்களில் பதுங்குகுழி நெடுகக் கேமரா நகரும்போதெல்லாம் எனக்கு இந்தப் படம்தான் நினைவுக்கு வரும்.

முள்கம்பியை நோக்கி ஒருவன் ஓடி வருகிறான். குண்டு வெடிக்கிறது. புகை அடங்கினால் கம்பியைப் பிடித்தபடி இரண்டு கைகள் மட்டும் தொங்குகின்றன. 1930இல் இதைக் காட்டினார்கள். அதைவிட என்னை உலுக்கியது அந்தச் சண்டைக்கு அப்புறம் வரும் சமையல்காரர் காட்சி. 150 பேருக்குச் சமைத்து வைத்திருக்கிறார், 80 பேர்தான் திரும்பியிருக்கிறார்கள். ஆள் குறைகிறதே, எப்படிப் பரிமாறுவது என்று அவர் மறுக்கிறார். மிச்சம் இருப்பவர்களுக்கோ இன்று இரட்டைப் பங்கு கிடைக்கும் என்று சந்தோஷம். இறந்தவர்களுக்காக யாரும் அழுவதில்லை. பசிக்கிறது, சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கிற ஏதோ ஒரு பிரிண்ட்டைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். இந்தப் படத்தைப் பல நாடுகளில், பல முறை வெட்டியிருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் மீட்டெடுத்த பிரிண்ட்டைத் தேடிப் பாருங்கள்.

கே: மைல்ஸ்டோன் போருக்குப் போனவரா?

களத்துக்குப் போகவில்லை. அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் இருந்து படச்சுருள் வேலை பார்த்தார். ஆனால் படத்தில் துணை நடிகர்களாக வந்தவர்களில் நிஜமாகவே போரைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

கே: ஹிட்லர் இந்தப் படத்தைத் தடை செய்ததாகப் படித்தேன்.

1933இல் நாஜிகள் தடுத்தது உண்மை. ஆனால் முதல் தடை அவர்கள் போட்டதல்ல. இதைப் பலரும் தவறாகவே எழுதுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1930 டிசம்பர் 5. பெர்லின், நொலெண்டார்ஃப் சதுக்கத்தில் மோட்சார்ட்ஸால் அரங்கம். நாஜிக் கட்சியின் பெர்லின் தலைவர் கோயபல்ஸ் தன் ஆட்களோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். படம் ஓட ஆரம்பித்ததும் கூச்சல், நாற்றக் குண்டுகள், அரங்குக்குள் வெள்ளை எலிகள். காட்சி நின்றது. அடுத்தடுத்த நாட்கள் தெருவில் ஆர்ப்பாட்டம். டிசம்பர் 11 அன்று தணிக்கை மேல்முறையீட்டு வாரியம் படத்தைத் தடை செய்தது. ஜெர்மனியின் மதிப்புக்குக் கேடு என்று காரணம் சொன்னார்கள். அப்போது நடந்தது வைமார் குடியரசு, அதாவது நாஜிகளுக்கு முந்தைய ஜனநாயக ஆட்சி. ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. கலவரம் செய்தவர்களைப் பிடிக்காமல் படத்தைப் பிடித்தார்கள். 1931இல் வெட்டிய பிரிண்ட்டுக்குத்தான் அனுமதி கிடைத்தது. ரெமார்க்கின் புத்தகங்கள் 1933இல் எரிக்கப்பட்டன, 1938இல் அவர் குடியுரிமையும் போனது. 1943இல் அவர் தங்கை எல்ஃப்ரீடேவுக்கு நாஜி நீதிமன்றம் மரண தண்டனை விதித்து நிறைவேற்றியது.

இந்தப் படத்தின் செல்வாக்கைப் பற்றிப் பேசும்போது ஆஸ்கர்களை முதலில் சொல்கிறார்கள். சிறந்த படம், சிறந்த இயக்குநர் இரண்டும் கிடைத்தன, சரி. நான் முதலில் சொல்வது அந்த பெர்லின் வாரத்தைத்தான்.

கே: 1930 படமா, 2022 படமா, எது பெஸ்ட்?

அதே நாவலை வைத்து எட்வர்ட் பெர்கர் எடுத்த 2022 படம் நான்கு ஆஸ்கர் வாங்கியது. சேறும் இரும்பும் அதில் பிரமாதம். ஆனால் கதாநாயகன் பால் (Paul) விடுப்பில் ஊருக்கு வரும் பகுதியை முழுதாக எடுத்துவிட்டார்கள். அவன் பழைய வகுப்பறையில் நின்று, நாட்டுக்காகச் சாவது அழுக்கும் வலியும்தான் என்று சொல்ல, பையன்கள் அவனையே கோழை என்று கத்துவார்களே, அந்தக் காட்சி அதில் இல்லை. போர் பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது என்பதுதான் நாவலின் நடு நரம்பு. என் தேர்வு 1930.

கே: நாம் நினைப்பதைவிட 2022 படம்தானே இன்னும் நிஜமாக இருக்கிறது?

மேலே உள்ள பதிலைப் பாருங்கள்.

கே: போர் எதிர்ப்புப் படம் என்று ஒன்று இருக்கவே முடியாது, திரையில் வந்தாலே போர் கவர்ச்சியாகிவிடும் என்று பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோ சொன்னாரே? இந்தப் படத்துக்கும் அது பொருந்தும் அல்லவா?

இதற்காகத்தான் காத்திருந்தேன். ட்ரூஃபோ சொன்னதில் பாதி உண்மை. கேமரா ஓடும்போது நம் உடம்பும் கூடவே ஓடுகிறது. ஆனால் மைல்ஸ்டோன் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இயந்திரத் துப்பாக்கி சுடச் சுட, பிரெஞ்சுக்காரர்கள் வரிசையாக விழுகிறார்கள். அப்புறம் ஜெர்மானியர்கள் பாய்கிறார்கள், அதே போல அவர்களும் வரிசையாக விழுகிறார்கள். கடைசியில் இரு தரப்பும் கிளம்பிய இடத்துக்கே திரும்புகின்றன. ஒரு அடி நிலம்கூட மாறவில்லை. கவர்ச்சியைக் கொடுத்துவிட்டு அதன் பலனைப் பிடுங்கிக்கொள்கிற அமைப்பு இது.

கே: (அவரே மறுபடியும்) எங்கள் திரையிடலில் அந்தக் காட்சிக்குக் கை தட்டினார்களே சார்.

தட்டியிருப்பார்கள். குண்டுப் பள்ளத்தில் பால் ஒரு பிரெஞ்சுக்காரனைக் குத்திவிட்டு, இரவு முழுக்க அவனோடு கிடந்து மன்னிப்புக் கேட்கும் இடத்தில் தட்டினார்களா? அந்த பிரெஞ்சுக்காரனாக நடித்த ரேமண்ட் கிரிஃபித் ஊமைப்பட நகைச்சுவை நடிகர், குரல் கெட்டுப்போனவர். வசனமே இல்லாமல், திறந்த கண்களோடு கிடக்கிறார். பால் அவன் சட்டைப் பையைத் திறந்தால் மனைவி, மகளின் படம். ஒரு காட்சிக்குக் கை தட்டியதை வைத்து முழுப் படத்தையும் எடை போடாதீர்கள்.

கே: குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். படம் எதைத் தடுத்தது? ஒன்பது வருடத்தில் அடுத்த உலகப் போர் வந்துவிட்டதே. மைல்ஸ்டோனே 1943இல் ‘தி நார்த் ஸ்டார்’ என்ற பிரச்சாரப் படம் எடுத்தார்.

எடுத்தார். கிஷினேவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் நாஜிகளுக்கு எதிராகப் படம் எடுத்ததில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. அந்தப் படம் சுமார்தான், அது வேறு விஷயம். ஆனால் “போரைத் தடுக்கவில்லையே” என்ற வாதம் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. எந்த நாவலிடமும், எந்தக் கவிதையிடமும் நாம் இதைக் கேட்பதில்லை. படம் வந்தபோது, சர்வதேச சங்கம் (ஐ.நா.வுக்கு முன்பிருந்த உலக நாடுகளின் அமைப்பு) இதன் மூலப் பிரிண்ட்டை வாங்கி, போர் என்ற சொல் அகராதியிலிருந்து போகும்வரை எல்லா மொழிகளிலும் காட்ட வேண்டும் என்று ‘வெரைட்டி’ பத்திரிகை எழுதியது. அந்த ஆசை அதிகம்தான். அதற்காக இதை ஒன்றுக்கும் உதவாத படம் என்பதா? ஒன்றுக்கும் உதவாததைத் தடுக்க கோயபல்ஸ் எலி பிடித்துக்கொண்டு வந்திருக்க மாட்டார்.

கே: அண்ணா, நான் காலேஜ் படிக்கிறேன். பாலாக நடித்தவர் பிறகு என்ன ஆனார்?

நல்ல கேள்வி தம்பி. லூ ஏர்ஸ். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று 1942இல் அறிவித்தார். திரையரங்குகள் அவர் படங்களைப் புறக்கணித்தன. மனசாட்சி மறுப்பாளர் முகாமுக்குப் போனார். அப்புறம் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து, பசிபிக் களத்தில் காயம்பட்டவர்களைக் கவனித்தார். அதன்பின் பொதுமக்களின் மரியாதை திரும்பியது.

கே: எது பெஸ்ட் என்று ஒரே வரியில் சொல்லுங்களேன்?

1930.

கே: கடைசியில் வண்ணத்துப்பூச்சியைத் தொட நீளும் கை அந்த நடிகருடையதா?

இல்லை, மைல்ஸ்டோனின் கை. நாவலின் முடிவில் அந்த வண்ணத்துப்பூச்சி கிடையாது. அங்கே இசை கேட்டால் அது கெடுத்த பிரிண்ட். பின்னாளில் மறுவெளியீட்டில் சேர்த்தது. 1939 வெளியீட்டில் நாஜி எதிர்ப்புக் குரல் விளக்கம்கூடச் சேர்த்தார்கள். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: எந்தப் பிரிண்ட் என்று பார்த்துவிட்டுப் பாருங்கள்.

கே: தமிழ் சப்டைட்டில் எங்கே கிடைக்கும்?

அது என் துறை இல்லை. சப்டைட்டில் குழுக்களிடம் கேளுங்கள்.

கே: பள்ளியில் +2 மாணவர்களுக்குத் திரையிட நினைக்கிறேன். நான் ஆசிரியை. சரியா சார்?

தாராளமாகச் செய்யுங்கள் மேடம். மீட்டெடுத்த பிரிண்ட் 2 மணி 13 நிமிடம் ஓடும், இரண்டு பீரியட் போதாது. ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்குங்கள். முதல் உலகப் போரைப் பற்றிப் பத்து நிமிடம் முன்னால் சொல்லிவிடுங்கள். படம் முடிந்ததும் உடனே யாரையும் மேடையேற்றிப் பேச விடாதீர்கள். கேள்விகளைத் திங்கட்கிழமை வகுப்பில் மாணவர்களையே கேட்க விடுங்கள்.